‘ஓரிரு இடங்களில்’ இருந்து ஒரு மடல்

வானிலையையும் காலநிலையையும் பற்றித் தமிழில் அறிவிக்கிற, எழுதுகிற, பேசுகிற உங்கள் அனைவருக்கும்,



வானிலை மையத்தில் அறிக்கை எழுதுபவர், ஆட்சியர் அலுவலகத்திலிருந்து குறுஞ்செய்தி அனுப்புபவர், தொலைக்காட்சியில் வரைபடத்தின் முன்னால் நின்று பேசுபவர், பல்கலைக்கழகத்தில் ஆராய்ச்சி செய்பவர், மழைக்கென்று செயலி உருவாக்குபவர் என உங்கள் எல்லோருக்கும் சேர்த்தே இதை எழுதுகிறேன். தனித்தனியாக எழுதினால் ஒருவர் இன்னொருவரைக் கைகாட்டிவிடுவீர்கள். அந்த அனுபவம் எங்களுக்கு நிறையவே உண்டு.

நான் ஜவ்வாது மலையில், ஜமுனாமரத்தூருக்குப் பக்கத்தில், சரிவில் சாமையும் பள்ளத்தில் கொஞ்சம் நெல்லும் போடுகிற குடும்பத்தைச் சேர்ந்தவன். உங்கள் மேல் கோபம் இல்லை என்று சொன்னால் பொய்யாகிவிடும். வானிலை அறிக்கை பலிப்பதில்லை என்ற வழக்கமான நக்கலோடு நான் வரவில்லை. உங்கள் கணிப்பு பெரும்பாலும் சரியாகவே இருக்கிறது, என் அப்பா காலத்தைவிட எவ்வளவோ மேல். சரியாக இருக்கிற ஒன்று எங்கள் கைக்கு வரும்போது ஒன்றுக்கும் உதவாமல் போகிறதே, அதுதான் என் ஆற்றாமை.

ஐப்பசி, கார்த்திகையில் எங்கள் வீட்டுக் களத்தைப் பாருங்கள். அறுத்த சாமைக் கட்டுகள் குவிந்து கிடக்கும். இன்றைக்கே ஆள் பிடித்து அடித்துத் தூற்றி உள்ளே கொண்டுவருவதா, இல்லை போராக அடுக்கித் தார்ப்பாய் போட்டு மூடுவதா என்று காலையிலேயே முடிவெடுக்க வேண்டும். நனைந்த கட்டு உள்ளுக்குள் சூடேறும், கதிரிலேயே முளைவிடும், பூசணம் பிடிக்கும். தாள் கறுத்துப்போனால் மாடுகூட முகத்தைத் திருப்பிக்கொள்ளும். இருப்பது ஒரே தார்ப்பாய், அதையும் பக்கத்து வீட்டுப் பெரியப்பா கேட்டு நிற்பார். அந்த நேரத்தில்தான் கைபேசியில் உங்கள் செய்தி வருகிறது: அடுத்த மூன்று மணி நேரத்தில் திருவண்ணாமலை உள்ளிட்ட மாவட்டங்களில் ஓரிரு இடங்களில் இடி மின்னலுடன் கூடிய லேசானது முதல் மிதமான மழைக்கு வாய்ப்பு.

இதை வைத்துக்கொண்டு நான் என்ன செய்யட்டும்? மாவட்டம் என்றால் வந்தவாசியும் மாவட்டம்தான், செங்கமும் மாவட்டம்தான், கடல் மட்டத்துக்கு மேல் எழுநூறு எண்ணூறு மீட்டரில் உட்கார்ந்திருக்கிற நாங்களும் மாவட்டம்தான். போளூரில் வெயில் காயும்போது வீரப்பனூரில் கொட்டும். நம்மியம்பட்டில் கொட்டும்போது கோவிலூரில் தூறல்கூட இருக்காது. மலையின் ஒரு பக்கம் திருப்பத்தூர் மாவட்டத்தில் இருக்கிறது, இன்னொரு பக்கம் வேலூர் மாவட்டத்தில் இருக்கிறது. புதூர்நாட்டுக்காரருக்கும் எங்களுக்கும் நடுவில் ஒரு மலைமுகடு மட்டும்தான், ஆனால் எங்களுக்கு வருகிற செய்தி வேறு, அவருக்கு வருகிற செய்தி வேறு. மேகத்துக்கு மாவட்ட எல்லை தெரியுமா என்ன.

‘ஓரிரு இடங்கள்’ என்பதை நீங்கள் வாய்க்கு வந்தபடி எழுதவில்லை என்பதும் எனக்குத் தெரியும். ஒரு பகுதியில் உள்ள மழை அளக்கும் நிலையங்களில் நூற்றுக்கு இருபத்தைந்துக்குள் மழை பதிவாகும் என்றால் அது ஓரிரு இடங்கள். இருபத்தாறிலிருந்து ஐம்பது வரை என்றால் ஒரு சில இடங்கள். எழுபத்தைந்தைத் தாண்டினால் பெரும்பாலான இடங்கள். கனமழை என்றால் 24 மணி நேரத்தில் 64.5 முதல் 115.5 மில்லிமீட்டர் வரை, அதற்கு மேல் 204.4 வரை மிக கனமழை, அதையும் தாண்டினால் அதி கனமழை. அந்த 24 மணி நேரமும் நள்ளிரவில் தொடங்குவதில்லை, காலை 8.30க்குத் தொடங்கி மறுநாள் காலை 8.30க்கு முடிகிறது. எவ்வளவு கச்சிதமான கணக்கு! இந்தக் கணக்கு முழுவதும் உங்களுக்குள்ளேயே இருக்கிறது. எங்களுக்கு வருவது அதன் மேல்தோல் மட்டும். கேட்கிறவர் எவருக்கும் ‘ஓரிரு’ என்பது ஒரு அளவு என்று தோன்றவே தோன்றாது. எங்கோ பெய்யும், நமக்கில்லை என்றுதான் தோன்றும்.

‘வாய்ப்பு’ இன்னும் மோசம். ஐ.பி.சி.சி. என்கிற காலநிலை மாற்றத்துக்கான பன்னாட்டுக் குழுவின் அறிக்கைகளில் நிகழக்கூடியது, மிகவும் நிகழக்கூடியது, ஏறக்குறைய நிச்சயம் என்று படிப்படியாகச் சொல்வார்கள். முதலாவது நூற்றுக்கு 66க்கு மேல், அடுத்தது 90க்கு மேல், கடைசியாகச் சொன்னது 99க்கு மேல். ஒவ்வொரு சொல்லுக்கும் பின்னால் ஓர் எண்ணை ஒளித்து வைத்திருக்கிறார்கள். அப்படி ஒளித்து வைத்தால் வாசிப்பவர்கள் 90 என்பதை 60, 70 என்று குறைத்தே புரிந்துகொள்கிறார்கள் என்பதை டேவிட் புடெஸ்கு என்ற உளவியலாளரும் அவருடைய சகாக்களும் 24 நாடுகளில், 17 மொழிகளில் சோதித்து 2014இல் வெளியிட்டார்கள். சொல்லோடு எண்ணையும் சேர்த்துக் கொடுத்தால் புரிதல் மேம்படுகிறது என்பதும் அதில் தெரியவந்தது. படிப்படியாகச் சொன்னாலே இந்த நிலை. தமிழுக்கு வரும்போது மூன்று படியும் இடிந்து ஒரே தரையாகிவிடுகிறது: வாய்ப்புள்ளது. நூற்றுக்கு முப்பது என்றாலும் வாய்ப்புள்ளது, தொண்ணூற்றொன்பது என்றாலும் வாய்ப்புள்ளது. பத்துக்கு மூன்று என்றால் நான் அடிக்கிற வேலையைத் தொடங்கிவிடுவேன். பத்துக்கு எட்டு என்றால் பெரியப்பாவிடம் மன்னிப்புக் கேட்டுக்கொண்டு தார்ப்பாயை விரித்துவிடுவேன். பந்தயம் கட்டத் தெரிந்த ஊர் இது. பத்துக்கு எத்தனை என்று சொன்னால் படிக்காத பாட்டிக்கும் புரியும். “சதவீதம் சொன்னால் மக்கள் குழம்புவார்கள்” என்று தயவுசெய்து சொல்லாதீர்கள். வட்டிக்குக் கடன் வாங்கிப் பழகிய ஜனங்களுக்குச் சதவீதம் சொல்லிக்கொடுக்க வேண்டியதில்லை.

வண்ணங்களையும் சொல்ல வேண்டும். மஞ்சள் என்றால் நிலவரத்தைக் கவனியுங்கள், ஆரஞ்சு என்றால் தயாராக இருங்கள், சிவப்பு என்றால் செயலில் இறங்குங்கள். யார் என்ன செய்ய வேண்டும் என்பதற்கான குறி அது, முதலில் அதிகாரிகளுக்கானது. 2018 அக்டோபர் 7ஆம் தேதிக்கு விடப்பட்ட ‘ரெட் அலர்ட்’ நினைவிருக்கிறதா? தமிழ்நாடே மூழ்கப்போகிறது என்கிற மாதிரி தொலைக்காட்சிகள் அலறின, கடைகளில் கூட்டம் முண்டியடித்தது. பிறகு எச்சரிக்கை தளர்த்தப்பட்டது, பயந்த அளவுக்கு மழையும் இல்லை. அதற்கப்புறம் வருகிற சிவப்பை எத்தனை பேர் நம்புவார்கள்? செய்தி வாசிக்கும் நண்பர்களே, அந்தச் சிவப்பின் பொருளை அரை நிமிடம் விளக்கியிருந்தால் உங்கள் விளம்பர நேரம் குறைந்திருக்காது.

இனி ஃபெஞ்சல் புயலுக்கு வருகிறேன். 2024 நவம்பர் 30 இரவு அந்தப் புயல் புதுச்சேரிக்கு அருகே கரையைக் கடந்தது. அன்று பகலெல்லாம் நாங்கள் பார்த்தது மெரினாவையும் புதுச்சேரி கடற்கரையையும் கொந்தளிக்கும் அலைகளையும். கரை கடந்ததும் புயல் முடிந்தது என்றே எங்கள் பக்கத்தில் பலரும் நினைத்தார்கள். அப்படி நினைத்ததில் தவறும் இல்லை. ‘கரையைக் கடந்தது’ என்று நீங்கள் சொல்கிற தொனியே கதை முடிந்த தொனி. ஆனால் அது நகர மறுத்து நின்று, பிறகு வலுவிழந்து மெல்ல மெல்ல மேற்கே ஊர்ந்தது. டிசம்பர் 1ஆம் தேதி திருவண்ணாமலையில் மலையிலிருந்து மண்ணும் பாறையும் சரிந்து, ஒரு வீட்டைப் புதைத்து, ஏழு பேரைக் கொன்றது. அவர்களில் குழந்தைகளும் இருந்தார்கள். டிசம்பர் 2 காலையோடு முடிந்த 24 மணி நேரத்தில் எங்களுக்குத் தென்மேற்கே ஊத்தங்கரையில் 50 சென்டிமீட்டர் மழை பதிவானது.

அந்த ‘50 சென்டிமீட்டர்’ எங்கள் பக்கத்து டீக்கடையில் என்ன ஆனது தெரியுமா? “அரை மீட்டர்தானே, முழங்கால் அளவு” என்றார் ஒருவர். அவர் மேல் என்ன குற்றம்? ஒரு சதுர மீட்டரில் ஒரு மில்லிமீட்டர் மழை பெய்தால் அது ஒரு லிட்டர். ஒரு ஏக்கர் ஏறத்தாழ 4,047 சதுர மீட்டர். அப்படியானால் 50 சென்டிமீட்டர் மழை என்றால் ஒவ்வொரு ஏக்கரிலும் 20 லட்சம் லிட்டருக்கு மேல். பன்னிரண்டாயிரம் லிட்டர் தண்ணீர் லாரியைக் கொண்டுவந்து ஒரே ஏக்கரில் ஒரே நாளில் நூற்று அறுபத்தெட்டு முறை கவிழ்த்தால் எப்படி இருக்கும், அப்படி. அதுவும் சமதரையில் நிற்கிற தண்ணீர் வேறு, சரிவில் விழுகிற தண்ணீர் வேறு. மேல் நூறு ஏக்கரில் விழுந்தது கீழ் ஒரு ஓடையில்தான் இறங்கும். இதைச் சொன்னபோது கடையில் பேச்சு நின்றுபோனது. இதற்கு எந்தக் கருவியும் தேவைப்படவில்லை, எட்டாம் வகுப்புக் கணக்கு போதுமானதாக இருந்தது.

அதே டிசம்பர் 2 அதிகாலையில் சாத்தனூர் அணையிலிருந்து விநாடிக்கு 1.68 லட்சம் கன அடி தண்ணீர் திறந்துவிடப்பட்டது. தென்பெண்ணைக் கரையில் விழுப்புரம், கடலூர் வரை ஊர்கள் தத்தளித்தன. எச்சரிக்கை கொடுத்தோம் என்றது அரசு, போதவில்லை என்றன எதிர்க்கட்சிகள். அந்த வழக்கை நான் இங்கே தீர்க்கப் போவதில்லை. எனக்குள்ள கேள்வி வேறு. ‘விநாடிக்கு இத்தனை லட்சம் கன அடி’ என்று நள்ளிரவில் ஒருவருக்குச் செய்தி போனால், அவர் கட்டிலை விட்டு எழுந்து எதைப் பார்த்து முடிவெடுப்பார்? உங்கள் ஊரில் தண்ணீர் எந்தத் தெரு வரை வரும், எந்தக் கோயில் படியைத் தொடும், எத்தனை மணிக்கு வந்து சேரும், எந்தப் பக்கம் போனால் மேடு என்பதுதானே அவருக்கு வேண்டிய செய்தி? இவற்றைக் கணக்கிடத் தெரிந்த பொறியாளர்கள் உங்களிடம் இருக்கிறார்கள். கன அடியை அவர்களுக்குள் பேசிக்கொள்ளட்டும். வெளியே வரும்போது படிக்கட்டாக வரட்டும்.

நல்லபடியாகச் சொல்பவர்களை எங்களுக்கு அடையாளம் தெரியாது என்று நினைக்காதீர்கள். சென்னை வானிலை மையத்தில் எஸ்.ஆர். ரமணன் இருந்த வரை அவர் முகத்தைப் பார்க்கப் பள்ளிப் பிள்ளைகள் தொலைக்காட்சி முன் தவம் கிடந்தார்கள். விடுமுறை ஆசை ஒரு பக்கம் இருக்கட்டும், பதறாமல், சுற்றி வளைக்காமல் அவர் பேசியதும் காரணம். இன்று ‘தமிழ்நாடு வெதர்மேன்’ பிரதீப் ஜானை லட்சக்கணக்கானோர் பின்தொடர்வதற்குக் காரணம் அவர் ஊர்ப்பெயர் சொல்கிறார், மேகம் எந்தப் பக்கத்திலிருந்து எந்தப் பக்கம் போகிறது என்று சொல்கிறார். ஓர் ஊரின் பெயர் அறிக்கையில் வந்தால் அந்த ஊர் நிமிர்ந்து உட்காரும். ஜமுனாமரத்தூரின் பெயர் உங்கள் அறிக்கையில் எப்போது வருகிறது? மழை பெய்து முடிந்த மறுநாள், பதிவான அளவுகளின் பட்டியலில்.

தவறிவிட்டால் மக்கள் திட்டுவார்களே என்ற பயத்தால்தான் நீங்கள் பொத்தாம் பொதுவாகச் சொல்கிறீர்கள் என்று எனக்கு ஒரு சந்தேகம். அந்தப் பயத்துக்கு எங்கள் மலையிலேயே ஒரு மருந்து இருக்கிறது.

ஆலங்காயத்திலிருந்து மேலே ஏறி வரும் வழியில் காவலூர். தெற்கு வானத்தையும் தோதாகப் பார்க்கக்கூடிய, வெளிச்சமும் புழுதியும் இல்லாத இடம் தேடி 1960களில் வானியலாளர் வேணு பாப்பு அந்தக் காட்டுக்கு வந்து சேர்ந்தார். 1986 ஜனவரியில் திறக்கப்பட்ட 2.34 மீட்டர் தொலைநோக்கி அவர் பெயரைத் தாங்கியிருக்கிறது. அதற்கு முன்பே, 1972இல், ஒரு மீட்டர் தொலைநோக்கி அங்கே வந்துவிட்டது. அந்த ஆண்டு ஜூனில் வியாழனின் துணைக்கோளான கனிமீடு ஒரு விண்மீனை மறைத்தது. காவலூரிலும் இந்தோனேசியாவின் ஜாவாவிலும் அதை அளந்தார்கள். விண்மீனின் ஒளி கத்தரித்த மாதிரி அறுபடாமல் மங்கி மறைந்ததை வைத்து, கனிமீடுக்கு மெல்லிய வளிமண்டலம் ஒன்று இருக்க வேண்டும் என்றார்கள். 1979இல் வாயேஜர் விண்கலம் அருகே போய்ப் பார்த்தபோது அவர்கள் மதிப்பிட்ட அளவுக்கு அங்கே எதுவும் இல்லை. 1990களில் ஹப்பிள் தொலைநோக்கி பார்த்தபோது, மிக மிக மெல்லிய ஆக்சிஜன் உறை ஒன்று இருக்கத்தான் செய்தது.

“அப்ப காவலூர்க்காரங்க சொன்னது சரியா, தப்பா?” என்று எந்தப் பிள்ளையும் கேட்கும். இரண்டும்தான் என்று சொல்லிவிட்டுக் கதையை முழுதாகச் சொன்னால் அந்தப் பிள்ளைக்கு அறிவியல் எப்படி நடக்கிறது என்று புரிந்துவிடும். காவலூருக்கு அதனால் ஒரு மதிப்புக் குறைவும் வரவில்லை. நீங்களும் அப்படியே சொல்லிப் பாருங்கள். “நேற்று ஐந்து சென்டிமீட்டர் எதிர்பார்த்தோம், அரை சென்டிமீட்டர்தான் பெய்தது. காற்று மேகத்தை வடக்கே இழுத்துப் போய்விட்டது.” இப்படி ஒரு வரி ஒவ்வொரு நாளும் அறிக்கையின் தலையில் இருக்கட்டும். ஒரு பருவம் முடிவதற்குள் உங்கள் சொல்லுக்கு மலையில் இருக்கும் மதிப்பே வேறாக இருக்கும். சொன்னதைச் சரிபார்த்துக் காட்டுகிறவரைத்தான் நாங்கள் நம்புவோம். சொன்னதையே மறந்துவிட்டு இன்றைக்குப் புதிதாகத் தொடங்குகிறவரை எப்படி நம்புவது?

ஆராய்ச்சி செய்யும் நண்பர்களிடம் தனியாகக் கொஞ்சம் பேச வேண்டும். நீங்கள் வருகிறீர்கள். சாமை எப்போது விதைக்கிறோம், முன்பு எப்போது விதைத்தோம், தேன் குறைந்ததா, புளி காய்க்கிறதா, கடுக்காய் எவ்வளவு கிடைக்கிறது என்று பக்கம் பக்கமாகக் கேட்கிறீர்கள். வேலையை விட்டுவிட்டு எங்கள் பெண்கள் பதில் சொல்கிறார்கள், மோர் கொடுக்கிறார்கள். அப்புறம் நீங்கள் போகிறீர்கள். எங்கள் ஊரைப் பற்றி என்ன கண்டுபிடித்தீர்கள் என்று எங்களுக்கு எவரும் திரும்பி வந்து சொன்னதில்லை. ஆங்கிலத்தில் எங்கோ ஒரு கட்டுரை வந்திருக்கும். அதில் நாங்கள் ‘பாதிக்கப்படக்கூடிய சமூகம்’ என்று ஓர் அட்டவணையில் இருப்போம். இல்லையென்றால் பாராட்டாக, ‘இயற்கையோடு இயைந்த பாரம்பரிய அறிவு கொண்ட மக்கள்’. இரண்டுமே வேண்டாம். எங்கள் அறிவு அவ்வளவு உயர்ந்தது என்றால் உங்கள் முடிவை எங்களிடம் காட்டி, இது சரியா என்று கேட்க வேண்டியதுதானே? கிராம சபைக்கு வாருங்கள், ஒரு மணி நேரம் தமிழில் சொல்லுங்கள். நாங்களும் நாலு கேள்வி கேட்போம். உங்கள் கட்டுரை மேம்படும், அதற்கு நான் பொறுப்பு.

காலநிலை மாற்றத்தைப் பற்றியும் அதே மாதிரிதான். ‘1.5 டிகிரி’ என்று ஆண்டுக்கணக்கில் முழங்குகிறீர்கள். ஆடி மாதத்தில் காலைக்கும் மதியத்துக்கும் நடுவிலேயே பத்து டிகிரி மாறுகிற மலையில் அந்த ஒன்றரையைக் கேட்டு யார் பயப்படுவார்கள்? அது பூமி முழுவதற்கும், நிலத்துக்கும் கடலுக்கும், இரவுக்கும் பகலுக்கும், வருடம் முழுவதற்குமான சராசரி என்று சொல்லுங்கள். 2024ஆம் ஆண்டின் சராசரி தொழிற்புரட்சிக்கு முந்தைய காலத்தைவிட ஏறத்தாழ 1.55 டிகிரி கூடுதல் என்று உலக வானிலை அமைப்பு கணக்கிட்டிருக்கிறது. 1901 முதல் 2018 வரை இந்தியாவின் சராசரி வெப்பம் ஏறத்தாழ 0.7 டிகிரி கூடியிருக்கிறது என்று நம் புவி அறிவியல் அமைச்சகமே 2020இல் அறிக்கை தந்தது. அதைவிட முக்கியமான ஒன்றை நீங்கள் சொல்வதே இல்லை: காற்று ஒரு டிகிரி சூடானால் அதனால் ஏறத்தாழ ஏழு சதவீதம் கூடுதலாக நீராவியைத் தாங்க முடியும். மழை கொட்டும்போது ஏன் இப்படிக் கொட்டுகிறது என்பதற்கும், கொட்டாத நாட்களில் மண் ஏன் இப்படிச் சீக்கிரம் காய்கிறது என்பதற்கும் அதில் பாதி விடை இருக்கிறது. வருட மழையின் மொத்தக் கணக்கு பெரிதாக மாறாமலே எங்கள் சாமை கெட்டுப்போக முடியும் என்பது அப்போதுதான் விளங்கும். விதைத்த பிறகு இருபது நாள் காய்ச்சல், கதிர் முற்றும்போது இரண்டு நாள் பேய்மழை. மொத்தம் சரியாகத்தான் இருக்கும், களம் காலியாக இருக்கும்.

அதே மூச்சில் ஒரு வேண்டுகோள். எல்லா மழைக்கும் எல்லா வறட்சிக்கும் காலநிலை மாற்றத்தின் மேல் பழி போட்டுவிட்டுப் போகாதீர்கள். ஓடையை அடைத்துக் கட்டிய விடுதியும், சாலைக்காகச் செங்குத்தாக வெட்டிவிட்டு அப்படியே விட்ட மலைவிளிம்பும் ஃபெஞ்சல் வருவதற்கு முன்பே அங்கே இருந்தவை. உலகத்துப் புகையில் எங்கள் பங்கு எவ்வளவு சிறியது என்று உங்களுக்கே தெரியும். விளைச்சல் போனால் நாங்கள் மாநாட்டுக்குப் போவதில்லை. காப்பித் தோட்டத்துக்கோ கட்டட வேலைக்கோ மலை இறங்குகிறோம், அல்லது தரகர் காட்டுகிற இடத்துக்குச் செம்மரம் வெட்டப் போகிறோம். 2015 ஏப்ரல் 7 அன்று சேஷாசலம் காட்டில் சுட்டுக் கொல்லப்பட்ட இருபது பேரில் எங்கள் மலைக்காரர்களும் இருந்தார்கள். ‘வாழ்வாதாரப் பாதிப்பு’ என்று எழுதும்போது இதையும் கொஞ்சம் நினைத்துக்கொண்டு எழுதுங்கள்.

செயலி உருவாக்கும் தம்பி, தங்கைகளுக்கு: உங்கள் உழைப்பை நான் குறைத்து மதிப்பிடவில்லை. மின்னலுக்கு ‘தாமினி’, விவசாயத்துக்கு ‘மேக்தூத்’, பேரிடருக்கு ‘டிஎன் அலர்ட்’ எல்லாம் இருக்கின்றன. மூன்றையும் இறக்கிப் பார்த்தேன். எங்கள் ஊரில் சிக்னல் வேண்டுமென்றால் மாரியம்மன் கோயிலுக்குப் பின்னாலுள்ள பாறைமேல் ஏற வேண்டும். மின்னல் எச்சரிக்கையைப் பார்ப்பதற்கு ஊரிலேயே உயரமான வெட்டவெளிப் பாறையில் ஏறச் சொல்வது நியாயமா, நீங்களே சொல்லுங்கள். மாடு மேய்க்கிறவருக்குச் சொல்லிக்கொடுக்க வேண்டியது வேறு: மின்னல் வெட்டியதும் எண்ணத் தொடங்கு. மூன்று எண்ணுவதற்குள் ஒலி ஒரு கிலோமீட்டர் வரும். முப்பது எண்ணுவதற்குள் இடி கேட்டால் மின்னல் பத்து கிலோமீட்டருக்குள் இருக்கிறது, ஒற்றை மரத்தடியை விட்டுக் கிளம்பு, ஓட்டு வீட்டுக்கோ பள்ளிக் கட்டடத்துக்கோ போ. இதற்கு மின்கலம் தீராது. இதை வானொலியில் சொல்லுங்கள், ரேஷன் கடைச் சுவரில் எழுதுங்கள், அப்புறம் செயலியிலும் போடுங்கள்.

சரி, என்ன வேண்டும் என்று கேட்பீர்கள்.

மாநிலம் முழுவதும் 1,400 தானியங்கி மழைமானிகளையும் 100 தானியங்கி வானிலை நிலையங்களையும் நிறுவும் திட்டத்தை அரசு எடுத்தது. நல்ல காரியம். அவை அளப்பது சென்னைக்குப் போகிறது. எங்கள் ஊரில் அதைப் படித்துக்காட்ட ஒரு பலகைகூட இல்லை. ஜவ்வாது மலையின் ஒவ்வொரு ஊராட்சியிலும் கண்ணால் பார்த்து அளக்கிற சாதாரண மழைமானி ஒன்று வையுங்கள், பள்ளிக்கூட வளாகத்திலேயே வையுங்கள். காலை 8.30க்கு எங்கள் பிள்ளைகள் அளந்து கரும்பலகையில் எழுதுவார்கள், உங்களுக்கும் சொல்வார்கள். இது எங்களுக்கு நீங்கள் செய்யும் தர்மம் என்று நினைத்துவிட வேண்டாம். செய்யாறு எங்கள் மலையில் பிறக்கிறது. கமண்டல நாகநதியும் இங்கிருந்தே இறங்கிச் செண்பகத்தோப்பு அணைக்குப் போகிறது. மேலே இரவில் எவ்வளவு பெய்தது என்று தெரிந்தால் கீழே போளூருக்கும் ஆரணிக்கும் சில மணி நேரம் முன்கூட்டியே தகவல் கிடைக்கும். அந்தச் சில மணி நேரத்தின் விலை என்ன என்று தென்பெண்ணைக் கரையில் கேட்டுப் பாருங்கள்.

மலைக்கென்று தனி அறிக்கை வேண்டும், மாவட்ட எல்லையைப் பார்க்காமல், புதூர்நாட்டையும் ஜமுனாமரத்தூரையும் அமிர்தியையும் ஒரே மலையாகப் பார்த்து. அதில் ஐந்தாறு வரிக்கு மேல் வேண்டாம். எந்தப் பக்கம், எத்தனை மணியிலிருந்து எத்தனை மணிக்குள், பத்துக்கு எத்தனை, பெய்தால் எவ்வளவு, நேற்றுச் சொன்னது என்ன ஆயிற்று, எந்த மலைப்பாதையில் வண்டி போக வேண்டாம். எழுதியதை வெளியிடுவதற்கு முன் மலையில் யாராவது ஒருவருக்கு, முடிந்தால் பள்ளிக்கூடம் போகாத ஒரு அம்மாவுக்குத் தொலைபேசியில் படித்துக்காட்டி, “இதைக் கேட்டு என்ன செய்வீங்க?” என்று கேளுங்கள். அவர் சொல்லும் பதில் நீங்கள் நினைத்த பதிலாக இல்லையென்றால் மறுபடி எழுதுங்கள். எத்தனை முறை என்றாலும் மறுபடி எழுதுங்கள்.

தென்மேற்குப் பருவமழை ஓய்ந்து வடகிழக்கு தொடங்குவதற்கு முன், புரட்டாசியில் ஒரு நாள், உங்களில் மூன்று பேராவது வாருங்கள். அறிக்கை எழுதுகிறவர் ஒருவர், ஆட்சியர் அலுவலகத்திலிருந்து ஒருவர், ஆராய்ச்சி செய்கிறவர் ஒருவர். ஞாயிற்றுக்கிழமையாக இருந்தால் ஊர்க் கவுண்டரும் நாட்டாரும் பள்ளி ஆசிரியர்களும் இருப்பார்கள். முதல் நாள் சனிக்கிழமையே வந்துவிட்டால் காவலூரில் பொதுமக்களுக்கான நேரத்தில் தொலைநோக்கியையும் பார்த்துவிடலாம், மேகம் இல்லாவிட்டால். அன்றைக்கு மேகம் இருக்குமா என்று நீங்கள்தான் எங்களுக்குச் சொல்ல வேண்டும். பத்துக்கு எத்தனை என்று.

இப்படிக்கு,
ஜமுனாமரத்தூர் பக்கத்துச் சாமை விவசாயி